பஃபலோ பில் துப்பாக்கியும் பழைய தோலுறையும்: சேர்த்து வைக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் கிரீன் கார்டில் ஹூஸ்டனில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமான பின் அவர் மனைவி சாமான்களை விற்றார். வின்செஸ்டர் நிறுவனத்தின் மாடல் 94 ‘பஃபலோ பில்’ நினைவுப் பதிப்பு, 20 அங்குலக் குழல் கொண்ட கார்பைன் (குட்டை ரைஃபிள்) ஒன்றை அட்டைப்பெட்டியோடு வாங்கினேன். குதிரைச் சேணத்தில் கட்டும் நீளத் தோலுறை, தோட்டா பெல்ட், பின்கட்டையில் கயிறு கோத்துக் கட்டிய தோல் பட்டை ஆகியவையும் கூடவே வந்தன. தோலுறையின் வாய் அருகே ‘எச்.எச். ஹெய்சர், டென்வர்’ என்று முத்திரை இருக்கிறது. தொட்டால் சிவப்பாகப் பொடி ஒட்டுகிறது. பெல்ட்டில் இருக்கும் தோட்டாக்களில் பச்சையாக மெழுகு போல ஏதோ படிந்திருக்கிறது. இது அபூர்வமான துப்பாக்கியா? உறையோடு சுவரில் மாட்டலாமா? தோலுக்கு எண்ணெய் போடலாமா? தோள்வார் மாட்ட வளையம் பொருத்தலாமா? ஊர் திரும்பும்போது கோயம்புத்தூருக்கு எடுத்துவர முடியுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

விலையைப் பற்றிப் பேசுமுன் இரண்டு விஷயங்களை முடித்துவிடுவோம்.

முதலாவது, சட்டம். கிரீன் கார்டு இருப்பதால் நீங்கள் இதை வைத்திருப்பதில் கூட்டரசுச் சட்டப்படி தடை இல்லை. ஆனால் எச்-1பி, எச்-4, எஃப்-1, பி-2 போன்ற விசாவில் அங்கே இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. உங்கள் வீட்டில் யாராவது அந்த விசாக்களில் இருந்தாலோ, அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்குவதாக இருந்தாலோ, துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும், சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும். ‘கைக்கு எட்டும்படி இருந்தது’ என்பதையே வைத்திருந்ததாகக் கொள்ள வழியுண்டு. 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை எடுக்கும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டு வைப்பதும் டெக்சாஸில் குற்றம். சுவரில் மாட்டும் யோசனையைக் கைவிட இவையே போதும். வேறு காரணமும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது. பெல்ட்டில் தோட்டா வைத்திருந்தவர் துப்பாக்கிக்குள்ளும் விட்டிருக்கலாம். குழலை ஆபத்தில்லாத பக்கம் திருப்பி, விசையில் விரல் படாமல், விசையைச் சுற்றி வளையமாக இருக்கும் லீவரை முழுக்கக் கீழே தள்ளித் திரும்ப மூடுங்கள். தோட்டா எதுவும் வெளியே விழுவது நிற்கும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு லீவரைத் திறந்து வைத்தபடி மேலிருந்து குழலின் பின்வாயைக் கண்ணால் பாருங்கள், விரல் விட்டும் பாருங்கள். அதோடு நிறுத்திவிடக் கூடாது. குழலுக்கு அடியில் ஓடும் நீளக் குழாய்தான் தோட்டா அறை. அதன் ஸ்பிரிங் சிக்கியிருந்தால் லீவரை எத்தனை முறை இயக்கினாலும் உள்ளே ஒரு தோட்டா தங்கிவிடும். லீவரை மூடி, ரிசீவரின் (இயக்கப் பாகங்கள் அடங்கிய நடு உலோகப் பகுதியின்) வலப்பக்கத்தில் தோட்டா நுழைக்கும் சிறு கதவை உள்ளே அழுத்திப் பாருங்கள். பித்தளை வட்டம் தெரிந்தால் இன்னும் காலியாகவில்லை. கை நடுங்கினால் பக்கத்தில் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை.

இனி, அபூர்வமா என்ற கேள்வி. இல்லை. பஃபலோ பில் பதிப்பு 1968இல் வந்தது. எண்ணிக்கை 1,12,923. மாடல் 94இல் நினைவுப் பதிப்பு என்ற வழக்கத்தைத் தொடங்கி வைத்தது 1964இன் வயோமிங் வைர விழாப் பதிப்பு. அது வெறும் 1,500. விற்பனை சூடு பிடித்ததும் நிறுவனம் அடுத்தடுத்துப் போட்டுத் தள்ளியது. 1966இன் நூற்றாண்டுப் பதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டியது, 1967இன் கனடா நூற்றாண்டுப் பதிப்பு 90 ஆயிரத்தைத் தாண்டியது, 1981இன் ஜான் வெய்ன் பதிப்பு ஏறக்குறைய 50 ஆயிரம். வாங்கியவர்கள் பெரும்பாலும் பிற்காலத்தில் விலை ஏறும் என்று நம்பிச் சுடாமல் பெட்டியிலேயே பூட்டி வைத்தார்கள். எல்லாரும் அப்படியே செய்ததால் இன்றும் புத்தம்புதிதாகக் குவிந்து கிடக்கின்றன. ஆகவே இந்த வகையில் பணம் தருவது வயது அல்ல, கைபடாத நிலைதான். ஒரு முறை சுட்ட பஃபலோ பில்லுக்கும், பெட்டி, காகிதம், தொங்கட்டான் அட்டை எல்லாம் அப்படியே இருக்கும் பஃபலோ பில்லுக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. நடுவில் இருப்பது பெட்டியில்லாத, சுடாத துப்பாக்கி.

உங்களுடையது எந்தப் படியில் நிற்கிறது என்று நீங்களே பார்க்கலாம். வரிசை எண் ‘டபிள்யூசி’ என்று தொடங்க வேண்டும். அதே எண் அட்டைப்பெட்டியின் ஓரச் சீட்டிலும் இருக்க வேண்டும். எண் பொருந்தாவிட்டால் அது வேறொரு துப்பாக்கியின் பெட்டி. காலிப் பெட்டிகள் தனியாகவே விற்கப்படுகின்றன என்பதை மறக்காதீர்கள். குழலில் பதிப்பின் பெயரும், ரிசீவருக்குப் பின்னால் மேல்வால் தகட்டில் ‘டபிள்யூ.எஃப். கோடி – சீஃப் ஆஃப் ஸ்கவுட்ஸ்’ என்ற வரியும் (கோடி என்பது பஃபலோ பில்லின் இயற்பெயர்), பின்கட்டையில் பதித்த வட்ட முத்திரையும் இருக்க வேண்டும். குழல் எண்கோணம். ஹாமர், விசை, பக்கக் கதவு, சேண வளையம், முன்கட்டை மூடி, அடித்தட்டு ஆகியவை வெள்ளி நிறத்தில் நிக்கல் பூசியவை.

சுட்டதா என்று அறிய நல்ல டார்ச் விளக்கு வேண்டும். குழலின் பின்வாயை மூடும் போல்ட்டின் முகத்தில் தோட்டாவின் அடிப்பாகம் மோதிய வட்டத் தடம், தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் தகட்டில் பித்தளைக் கோடுகள், பக்கக் கதவின் உள்விளிம்பில் தேய்மானம், குழலின் உள்ளே வாய் அருகே சாம்பல் படிவு ஆகியவற்றைத் தேடுங்கள். ஒன்று கவனம்: தொழிற்சாலையே சோதனைக்காகச் சுட்டுத்தான் குழலிலும் ரிசீவரிலும் ‘டபிள்யூபி’ என்ற நீள்வட்ட முத்திரையைக் குத்தியது. ஆகவே மிக மெல்லிய தடம் ஒன்று இருந்தாலே ‘சுட்ட துப்பாக்கி’ என்று முடிவு கட்ட வேண்டாம். பித்தளைக் கோடுகள் பல இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இன்னொன்று, சுடாமலே லீவரை ‘சடக் சடக்’ என்று இயக்கி விளையாடியதும் தடம் விடும். போல்ட் பின்னால் வந்து ஹாமரை மடக்கும் இடத்திலும், லீவரோடு கீழே இறங்கும் அடித்தகட்டின் ஓரங்களிலும் மெருகு தேய்ந்திருக்கும். விவரம் தெரிந்த வாங்குபவர் முதலில் அங்கேதான் பார்ப்பார். நண்பர்கள் வந்தால் துப்பாக்கியைக் காட்டலாம், லீவரை இயக்கிக் காட்ட வேண்டாம்.

வயோமிங்கின் கோடி நகரில் உள்ள பஃபலோ பில் அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன, அங்கிருந்து சான்றுக் கடிதம் வாங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது பழைய துப்பாக்கிகளுக்கு. மாடல் 1894 வகையில் 3,53,999 வரையிலான எண்களுக்குத்தான் ஏடு இருக்கிறது. 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக்கு அந்த வழி கிடையாது. அதற்காகப் பணம் கேட்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது தோலுக்கு வருவோம். உங்கள் கைக்கு வந்தவற்றில் உண்மையில் பொறுமையோடு பார்க்க வேண்டியது இதுதான் என்பது என் கருத்து.

1968 பெட்டியில் துப்பாக்கியும் காகிதங்களும்தான் வந்தன. தோலுறையும் பெல்ட்டும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தனியாகச் சேர்த்தவை. ஹெய்சர் என்பது டென்வரின் பழைய சேணத் தொழிலகம். அமெரிக்க மேற்குப் பகுதித் தோலுறை சேகரிப்போர் தேடி வாங்கும் பெயர்களில் ஒன்று. போர்ட்லண்டின் ஜார்ஜ் லாரன்ஸ், எல் பாசோவின் எஸ்.டி. மைரஸ் ஆகியோரும் அந்த வரிசைதான். முத்திரை அசலாக இருந்தால் இந்த உறை துப்பாக்கியைவிட வயதில் மூத்தது, அபூர்வத்திலும் மேல். அசலா என்று பார்க்கச் சில வழிகள்: முத்திரை தோலில் ஆழமாக அழுந்தி, எழுத்துகளின் அடியிலும் மேற்பரப்பின் அதே பழைய நிறம் இருக்க வேண்டும். அடியில் மட்டும் வெளிறிய புதுத்தோல் நிறம் தெரிந்தால் பிற்காலத்தில் குத்தியது. தையலில் தளர்ந்து நிற்கும் ஓர் இழைநுனியை எடுத்துச் சூடான ஊசியால் தொடுங்கள். நைலான் உருகிக் குமிழாகும், லினன் கருகிச் சாம்பலாகும். நைலான் என்றால் பின்னாளில் பிரித்துத் தைத்திருக்கிறார்கள், அல்லது பழையது போல நிறமேற்றிய புது உறை. வெட்டுவிளிம்பு நீலச்சாம்பலாக இருந்தால் அது குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது. அந்தக் காலச் சேணத் தோல் தாவரப் பட்டையில் பதனிட்டது, வெட்டிய இடம் பழுப்பாக இருக்கும். திண்டுக்கல், ஈரோடு பக்கம் ஆவாரம்பட்டையில் பதனிடும் தோலைப் பார்த்திருந்தால் அந்த நிறம் உங்களுக்குத் தெரியும்.

அந்தத் துப்பாக்கியை இந்த உறைக்குள் வைக்கலாமா? ஒரு நாள்கூட வேண்டாம். பட்டையில் பதனிட்ட தோலில் டானின் இருக்கிறது. கடுக்காய்ச் சாற்றில் இரும்புத் துண்டைப் போட்டால் கறுப்பு மை உண்டாகும் அல்லவா, உறைக்குள்ளும் அதே வேலைதான் நடக்கும். தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அமிலத்தோடு சேர்த்து அதை இரும்பின் மேல் இரவும் பகலும் ஒட்டி வைத்திருக்கும். ஹூஸ்டன் ஈரத்துக்கு ஒரு கோடைகூட வேண்டாம். குழலில் உறை தொட்ட பக்கம் மட்டும் சிவப்புப் புள்ளிகளும் கறுப்புத் தடமும் வரிசையாக வந்துவிடும். குரோம் தோல் என்றால் தப்பலாமா என்றால் அதுவும் இல்லை, அதில் பதனிட்ட உப்பு மிச்சம் இருக்கும். உங்கள் கார்பைனில் ரிசீவரின் இடப்பக்கம் தொங்கும் சேண வளையம் வேறு தனித் தொல்லை. உறையில் நுழைத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வளையம் மடங்கி ரிசீவரில் அரைவட்டமாகக் கீறும். உறைக்கும் நல்லதல்ல: துப்பாக்கி எண்ணெய் தோலில் ஊறிக் கறுத்த திட்டாகிவிடும், துப்பாக்கியின் எடையில் பழைய தையல் பிரியும்.

ஆகவே இரண்டும் பட்டியலில் சேர்ந்தே இருக்கட்டும், அலமாரியில் தனித்தனியாக இருக்கட்டும்.

பின்கட்டையில் கட்டிய தோல் பட்டையை இன்றைக்கே கழற்றுங்கள். கயிற்றை வெட்டாமல், ஒவ்வொரு துளையாகத் தளர்த்தி எடுங்கள். அந்தக் காலத்து வின்செஸ்டர் கட்டைகளுக்குப் போட்டது பளபளப்பான கனத்த வார்னிஷ். தோலின் சாயமும் எண்ணெயும் அதற்குள் இறங்கிக் கறையாகும், அடியில் தேங்கும் ஈரம் வார்னிஷைப் பால் போல வெளுக்க வைக்கும். பட்டையைக் கழற்றிய பிறகு கட்டையில் நிறமாற்றம் தெரிந்தால் பாலிஷ் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள். உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, சில வாரம் அப்படியே விடுங்கள். லேசான வெண்மை சில சமயம் தானாகவே குறையும். பதித்த வட்ட முத்திரை ஆடினால் சூப்பர் குளூ பக்கம் போகக் கூடாது. அதன் ஆவி சுற்றிலும் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும், பிறகு எடுக்க முடியாது. கழன்று விழுந்தால் ஒரு காகித உறையில் போட்டு எண்ணெழுதி வைத்து, மரவேலை தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் விடுங்கள்.

தோல் உறையிலிருந்து வரும் சிவப்புப் பொடிக்குப் பெயர் ‘ரெட் ராட்’. பட்டையில் பதனிட்ட தோல் பல பத்தாண்டுகள் மாசுக் காற்றிலுள்ள கந்தக வாயுவைக் குடித்து, உள்ளுக்குள் அமிலம் ஏறி, நார்கள் அறுந்து பொடியாவதுதான் அது. இந்த நிலையில் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் தோல் எண்ணெய்) போடுவது பெரும் கெடுதல். எண்ணெய் அறுந்த நாரை ஒட்டாது. தோல் கறுக்கும், பிசுபிசுக்கும், தூசியைச் சேர்க்கும், பித்தளை ரிவிட்டுகளைச் சுற்றிப் பச்சை பூக்க வைக்கும், தையல் நூலை இற்றுப்போகச் செய்யும். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், ஷூ பாலிஷ் எதுவும் வேண்டாம். சேணச் சோப்பும் ஈரத்துணியும் இன்னும் மோசம். அமிலம் ஏறிய தோலில் தண்ணீர் பட்ட இடம் கறுத்து, உலர்ந்ததும் ஓடு போல இறுகிவிடும். அதைத் திருப்ப வழியில்லை. சேணக் கடைக்காரர்கள் எண்ணெய் போடச் சொல்வது தினம் வேலை செய்யும் சேணத்துக்கு. உங்கள் உறை இனி வேலைக்குப் போகப் போவதில்லை.

செய்யக்கூடியது இது. முகமூடியும் நைட்ரைல் கையுறையும் போட்டு, மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். வாக்யூம் குழாயின் வாயில் நைலான் வலை கட்டி, குறைந்த இழுவிசையில், தோலைத் தொடாமல் அருகில் பிடித்துத் தூசியை மட்டும் எடுங்கள். பிறகு பொடி உதிர்வதை நிறுத்த க்ளூசெல் ஜி என்ற செல்லுலோஸ் பொடி வேண்டும். காப்பகப் பொருள் விற்பவர்களிடம் கிடைக்கும். 100 மில்லி எத்தனாலுக்கு 1 முதல் 2 கிராம். எத்தனாலைக் கலக்கிக்கொண்டே பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும், அந்தக் கட்டி கரையவே கரையாது. மூடி வைத்து ஒரு இரவு விட்டால் தெளிந்த கஞ்சி பதத்துக்கு வரும். முதலில் உறையின் பின்பக்க அடியில், கண்ணில் படாத இடத்தில், பஞ்சுக்குச்சியால் ஒரு காசளவு தடவி மறுநாள் பாருங்கள். நிறம் அதிகம் மாறாவிட்டால் மட்டும் தொடருங்கள். மென்தூரிகையால் மெல்லிய பூச்சு, தேய்க்காமல், ஒரே திசையில். 24 மணி நேரம் உலரட்டும். இன்னும் பொடி வந்தால் இரண்டாம் பூச்சு. பளபளப்பு வந்துவிட்டால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். எத்தனால் தீப்பற்றும், ஆகவே ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பும் வாட்டர் ஹீட்டரும் இருக்கும் அறையில் செய்யாதீர்கள். ஹெய்சர் முத்திரை உள்ள பகுதியை மட்டும் நீங்களே செய்யாமல், தோல் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் விட்டால் நல்லது. அந்த நாலு சதுர அங்குலம்தான் உறையின் விலையில் பெரும்பங்கு.

இந்தப் பூச்சு தோலைக் குணப்படுத்தாது, உதிர்வதை மட்டும் பிடித்து வைக்கும்.

தோலில் எங்காவது வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சணமா கொழுப்பா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சில விநாடி காட்டினால் கொழுப்புப் பூப்பு உருகி மறையும். பூஞ்சணம் அப்படியே நிற்கும், முகர்ந்தால் ஈர வாடை அடிக்கும். கொழுப்பு என்றால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பூஞ்சணம் என்றால் மற்றப் பொருள்களிலிருந்து உடனே பிரித்து, காற்றாட உலர்த்தி, வெளியே கொண்டுபோய்த் தூரிகையால் தட்டுங்கள்.

தோட்டா பெல்ட்டில் இருக்கும் பச்சை மெழுகு, தோலின் கொழுப்பமிலம் பித்தளையிலுள்ள செம்போடு சேர்ந்து உண்டாக்கிய உப்பு. தோட்டாக்களை எல்லாம் உருவி எடுங்கள். பிடித்துக்கொண்டால் குறட்டால் இழுக்காமல் அடியிலிருந்து விரலால் தள்ளுங்கள். பச்சையை மூங்கில் பல்குச்சியால் உலர்வாகச் சுரண்டலாம். பிராஸோ வேண்டாம். அதிலுள்ள அம்மோனியா பித்தளையைக் கெடுக்கும், வெள்ளைப் பொடி தையல் இடுக்கில் நிரந்தரமாகத் தங்கிவிடும். அந்தத் தோட்டாக்களைச் சுடவும் கூடாது. அரிப்பில் பித்தளை மெலிந்திருந்தால் சுடும்போது பிளந்து சூடான வாயு முகத்துக்கே வரும். உள்ளூர் காவல் நிலையத்திலோ துப்பாக்கிக் கடையிலோ கேட்டால் எப்படி ஒப்படைப்பது என்று சொல்வார்கள். காலியான கண்ணிகள் தளர்ந்து மடங்காமல் இருக்க, 3/8 அங்குல மரக்குச்சியைத் துண்டுகளாக வெட்டி, அமிலமற்ற மெல்லிய காகிதத்தைக் கண்ணி நிறையும் வரை சுற்றிச் செருகுங்கள். இந்தத் துப்பாக்கிக்கான .30-30 அளவுத் தோட்டாவின் உடல் அடியில் ஏறக்குறைய 10.7 மில்லிமீட்டர், அந்தப் பருமனைத் தாண்டித் திணித்தால் பழைய கண்ணி கிழியும்.

உறைக்குள்ளும் அதே காகிதத்தை உருளையாகச் சுருட்டி, முழு நீளத்துக்கும் மெத்தென நிரப்புங்கள். வாரில் தொங்கவிடாமல் படுக்க வையுங்கள். பக்கிள் தோலைத் தொடும் இடத்தில் ஒரு துண்டு மைலார் (பாலியெஸ்டர்) தாள். பெல்ட்டைச் சுருட்டி வைத்தால் மடிப்பில் வெடிக்கும், தளர்ந்த பெரிய வட்டமாகவோ நீட்டியோ வைக்கலாம்.

துப்பாக்கியின் பராமரிப்பு இதைவிட எளிது. கைரேகையின் உப்புதான் முதல் எதிரி, ஆகவே கையுறை. உலோகத்தில் பழைய எண்ணெய் பிசினாகியிருந்தால் மணமற்ற மினரல் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால், மரத்தைத் தொடாமல், துடைத்தெடுங்கள். பிறகு ரெனசான்ஸ் வாக்ஸ் போன்ற நுண்படிக மெழுகை ஒரு பட்டாணி அளவு எடுத்து, ஒரு சாண் நீளத்துக்கு ஒருமுறை மெல்லத் தேய்த்து, இரண்டு மூன்று நிமிடத்தில் மென்துணியால் மெருகேற்றுங்கள். செதுக்கல் வேலைக்குள் வெள்ளையாகத் தங்கினால் மென்மையான பல்துலக்கி எடுத்துவிடும். மெழுகு எண்ணெய் போல ஓடிக் கட்டைக்குள் இறங்காது என்பதால் நீண்ட நாள் வைப்புக்கு அதுவே மேல். குழலைச் சுத்தம் செய்யும் அம்மோனியா கலந்த திரவங்களை நிக்கல் பாகங்கள் மேல் பட விடாதீர்கள். பூச்சுக்கு அடியில் செம்பு இருந்தால், சிறு கீறல் வழியாக இறங்கி அதைக் கரைக்கும், நிக்கல் செதில் செதிலாக உரியும். எந்த மெட்டல் பாலிஷும் வேண்டாம். ரிசீவரில் கறுமெருகு தேய்ந்திருந்தால் திரும்பப் பூசலாமே என்று யாராவது சொல்வார்கள். 1964க்குப் பிறகு மாடல் 94இன் தயாரிப்புச் செலவைக் குறைக்க ரிசீவரின் உலோகத்தையே மாற்றினார்கள். அதில் வழக்கமான புளூயிங் (இரும்புக்கு நீலக்கறுப்பு மெருகேற்றுவது) சரியாகப் பிடிக்காது, செம்பழுப்பாகவோ ஊதாவாகவோ திரும்பும். பிடித்தாலும் நினைவுப் பதிப்பில் மறுபூச்சு என்பது விலையைக் குறைக்கும் வேலைதான்.

தோள்வாருக்கும் அதே பதில். இந்தக் கார்பைனில் அதற்கான வளையம் தொழிற்சாலையில் வைக்கவில்லை. வைக்க வேண்டுமானால் பின்கட்டையில் துளை போட வேண்டும். இரண்டு திருகுத் துளையோடு அது சேகரிப்பு வகையிலிருந்து சுடுவதற்கு வாங்கும் வகைக்கு இறங்கிவிடும். தோள்வார் போட்டுக் காட்டுக்குத் தூக்கிப் போக ஆசையிருந்தால், சாதாரண பழைய மாடல் 94 ஒன்றை அதற்காக வாங்கிக்கொள்ளுங்கள்.

வைக்கும் இடம் வீட்டுக்குள், குளிரூட்டும் பகுதியில். கராஜில் வைக்கக் கூடாது. இரும்புக்கு ஈரம் எவ்வளவு குறைந்தாலும் நல்லது, மரத்துக்கும் தோலுக்கும் அப்படியல்ல. 40 சதவீதத்துக்குக் கீழே போனால் தோல் சுருங்கி வெடிக்கும், கட்டை சுருங்கி மேல்வால் தகட்டின் பின்னே மயிரிழைப் பிளவு விடும். 65க்கு மேல் பூஞ்சணம். 45 முதல் 50 வரை வைத்தால் மூன்றுக்கும் பொருந்தும். ஒரு டிஜிட்டல் ஈரமானி வாங்குங்கள், வாங்கியதும் சோதியுங்கள்: ஒரு சிறு மூடியில் சமையல் உப்பைச் சில சொட்டுத் தண்ணீரில் ஈரமணல் போலக் குழைத்து, ஈரமானியோடு சேர்த்து ஜிப் பையில் அடைத்து எட்டு மணி நேரம் விட்டால் 75 காட்ட வேண்டும். எவ்வளவு பிசகுகிறதோ அதைக் கூட்டியோ கழித்தோ கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சிலிகா ஜெல்லை அளவில்லாமல் போட்டு 30க்கு இறக்கிவிடுபவர்கள்தான் கட்டை வெடித்தது என்று புலம்புகிறார்கள்.

பழைய அட்டைப்பெட்டிக்குள்ளேயே துப்பாக்கியை வைத்திருப்பதும் சரியல்ல. அட்டையும் பிளாஸ்டிக் உறையும் ஈரத்தை அடைத்து வைக்கும், பிளாஸ்டிக் வார்னிஷில் ஒட்டித் தடம் விடும். நுரை வைத்த கைப்பெட்டியும் அப்படித்தான், பயணத்துக்கு மட்டும். துப்பாக்கியைச் சிலிகோன் தோய்த்த துணியுறையில் போட்டுப் பூட்டிய பெட்டகத்தில் வையுங்கள். காலிப் பெட்டியைத் தட்டையான இடத்தில், மேலே எதுவும் ஏற்றாமல் தனியே வையுங்கள். கிழிந்த மூலைக்குச் செல்லோடேப் ஒட்டாதீர்கள், எழுதாமல் இருக்கும் உத்தரவாதச் சீட்டில் எழுதாதீர்கள்.

விற்கும் எண்ணம் வந்தால் துப்பாக்கியையும் ஹெய்சர் உறையையும் ஒன்றாகக் கட்டி விற்காதீர்கள். நினைவுப் பதிப்பு சேர்ப்பவருக்குப் பழைய உறை வேண்டாம், சேணப்பொருள் சேர்ப்பவருக்கு 1968 துப்பாக்கி வேண்டாம். ஒன்றின் விலையில் மற்றது சும்மா போய்விடும். விலை அறிய, கேட்கும் விலைகளைப் பார்க்காமல் ஏலத்தில் முடிந்த விலைகளை மட்டும் பாருங்கள். துப்பாக்கி 50 ஆண்டு கடந்துவிட்டதால் ‘கியூரியோ’ (பழம்பொருள் துப்பாக்கி) வகையில் சேரும். அதற்கான சேகரிப்பாளர் உரிமம் உள்ளவர் வேறு மாநிலத்திலிருந்தும் நேரடியாக வாங்கலாம். உரிமம் இல்லாத வேறு மாநிலத்தவருக்கு விற்றால் அவர் ஊர் உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் போக வேண்டும். வீட்டுக் காப்பீட்டில் துப்பாக்கித் திருட்டுக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். எட்டுக் கோணப் புகைப்படமும் வரிசை எண்ணும் பெட்டகத்துக்கு வெளியே வேறோரிடத்தில் இருக்கட்டும்.

கடைசியாகக் கோயம்புத்தூர். துப்பாக்கியைக் கொண்டுவரும் எண்ணத்தை விட்டுவிடுவதே நல்லது. அமெரிக்காவிலிருந்து வெளியேற்ற அங்குள்ள வணிகத் துறையின் ஏற்றுமதி விதிகள் உண்டு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், சுங்கத்தின் அனுமதி தனி. ‘நினைவுப் பொருள்தானே, சுடவே இல்லையே’ என்ற வாதம் எந்தக் கவுன்ட்டரிலும் எடுபடாது. உறை, பெல்ட், பின்கட்டைப் பட்டை ஆகியவை வெறும் தோல் பொருள்கள், அவற்றைக் கொண்டுவரலாம். ஆனால் பெல்ட்டின் ஒவ்வொரு கண்ணியையும், உறையின் அடிமூலையையும், தோள்பையின் உள்ஜேப்பையும் விரல் விட்டுப் பாருங்கள். மறந்துபோன ஒரே ஒரு தோட்டா எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் ஆயுதச் சட்டத்தில் வழக்கு, விமானமும் போய்விடும். மரக்குச்சிகளையும் எடுத்துவிட்டு வாருங்கள், திரையில் அவை தோட்டா போலவே தெரிந்து வீண் நேரம் ஆகும்.